பூ வீட்டுக்குப் பக்கத்து வீடு

போன வாரம் எங்கள் தாமான் குடியிருப்பில் தண்ணீர் இல்லை. குழாயைத் திறந்தால் காற்று மட்டும் சீறிக்கொண்டு வந்தது. மழை இல்லாமல் அணையில் நீர் இறங்கிவிட்டதாம், முறை வைத்துத்தான் விடுவார்களாம். எங்கள் ஊர் புக்கிட் ரம்பாய் முழுக்க ஆட்கள் வாளியும் கையுமாக அலைந்தார்கள். தண்ணீர் லாரி வந்து நின்றால் அதன் பின்னாலேயே சண்டையும் வந்து நின்றது. நான் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு அம்மாவின் ரோஜாத் தொட்டிகள் தலை தொங்கிவிட்டன. என் வேலியில் காகிதப்பூ கண்ணைப் பறித்தது. இலையே தெரியவில்லை, அவ்வளவு பூ. அந்த அம்மா வெறும் வாளியோடு நின்று என் வீட்டையே உற்றுப் பார்த்தார்.

"அங்கிள், உங்க வீட்டுல மட்டும் தண்ணி வருதா?"

"எங்கேம்மா வருது? இது தண்ணி கேக்கிற செடி இல்ல லா."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் பாருங்கள். இந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாடு என்று கௌரவமாகச் சொல்கிறேன். உண்மையில் அது வயிற்றெரிச்சல்.

வெயிலில் காய்ந்து கிடந்த வாளியில் முதல் தண்ணீர் விழும்போது ஒரு வாடை எழும்பும், கவனித்திருக்கிறீர்களா? லாரியிலிருந்து பிடித்து வந்த வாளியில் அந்த வாடை வந்ததும் நான் மஸ்ஜித் தானா பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கே போய்விட்டேன். நான் பிறந்தது அங்கே. வரிசையாக வீடுகள் ஒட்டிய லயத்துக்கு ஒரு குழாய். காலையில் கொஞ்ச நேரம், சாயந்திரம் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். ஆள் வருவதற்கு முன்னாலேயே தகர வாளிகள் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு வாளி இடம் மாறினால் போதும், ரெண்டு குடும்பம் தீபாவளி வரைக்கும் பேசிக்கொள்ளாது. குளித்த தண்ணீர் ஓடும் கால்வாய் ஓரத்தில் செம்பருத்தியும் கனகாம்பரமும் வைத்திருந்தோம். அதுகளும் எங்களைப் போல மிச்சத்தில் வளர்ந்ததுதான்.

நாள் முழுக்கத் தண்ணீர் இருந்தது ஒரே இடத்தில். குன்றின் மேல் தொரை பங்களா. அதற்குத் தனித் தொட்டி, தனிக் குழாய். அந்தப் பங்களா வாசலில் வளைவாகக் கம்பி கட்டி, அதன் மேல் கத்தரிப்பூவும் சிவப்பும் கலந்த நிறத்தில் ஒரு கொடி படர்ந்து கிடக்கும். மலாய்க்காரர்கள் அதைக் காகிதப்பூ என்பார்கள். நாங்கள் பங்களாப் பூ என்போம், எங்களுக்கு அது வேறு எங்கும் இருந்து தெரியாது. கீழே நின்று அண்ணாந்து பார்த்து நானே ஒரு கணக்குப் போட்டேன். அங்கே தண்ணீர் இருக்கிறது, அதனால் பூ இருக்கிறது. இங்கே தண்ணீர் இல்லை, அதனால் பூ இல்லை. அந்த வயதில் இதை விடத் தெளிவான கணக்கு எது?

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என்னை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் ரோட்டில்தான். லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் ஆளாகச் சேர்ந்தேன். பிறகு டிரைவர். பிறகு சொந்தமாக ஒரு பழைய லாரி. அதன் என்ஜினை நானே பிரித்து நானே பூட்டினேன், பூட்டிய பிறகு ஒரு கை நிறைய நட்டு மிச்சம் இருந்தது, ஆனாலும் லாரி ஓடியது. பின்னால் இன்னும் லாரிகள் வாங்கினேன். குருபோங் தொழிற்சாலைகளில் இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், என்னைத் தெரியாத பழைய ஸ்டோர்க்காரன் இருக்க மாட்டான். பெருமை அடிக்கிறான் என்று நினைப்பீர்கள். அடிக்க வேண்டியதை அடிக்கத்தானே வேண்டும்.

அப்படித்தான் இந்த வீட்டை வாங்கினேன். குடி வந்த அன்றைக்குச் சாயந்திரம் நான் செய்த முதல் வேலை, வெளிக்குழாயில் ரப்பர் டியூப் மாட்டித் திறந்துவிட்டதுதான். என் குழாய். என் தண்ணீர். யாருக்குப் பின்னாலும் நிற்க வேண்டாம். வாசலில் அப்போது செடி ஒன்றும் இல்லை. வெறும் மண்ணுக்கே ஊற்றினேன், தெருவே பார்க்கட்டும் என்று.

பக்கத்து வீட்டு வேலியில் கைவைத்துக்கொண்டு ஒரு ஆள் பார்த்துக்கொண்டு நின்றான். ஒல்லி, சட்டை இல்லை, கழுத்தில் ஜெபமாலை.

"மண்ணு குளிச்சி முடிச்சிடுச்சா அண்ணே?" என்றான்.

அதுதான் இன்னாசி. தொழிற்சாலை ஒன்றில் காவலாளி. அவனும் தோட்டத்துப் பிள்ளைதான், வேறு தோட்டம். மனைவி ரோசம்மா. நல்ல மனிதன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் அவனிடம் ஒரு காகிதப்பூச் செடி இருந்தது. அதே பங்களா நிறம். நான் சின்ன வயதில் அண்ணாந்து பார்த்த அதே பூ, ஒரு காவலாளி வீட்டு வாசலில் கொட்டிக் கிடந்தது.

தாமான் வீடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ஒரே கூரை, ஒரே கேட், பகலில் கூடக் குழம்பிப்போகும். வருகிறவர்களுக்கு அடையாளம் வேண்டும். இன்னாசி வீட்டுக்கு அடையாளம் அந்தச் செடி. அதனால் அது 'பூ வீடு' ஆயிற்று. தெருவில் அதற்கு அப்புறம் இருந்த வீட்டுக்கு, அதாவது முன்பக்கம் இழுத்துக் கட்டி, பளிங்குத் தரை போட்டு, கேட்டுக்கு ரெண்டு சிங்கம் வைத்த என் வீட்டுக்கு, என்ன பெயர் வந்தது தெரியுமா? பூ வீட்டுக்குப் பக்கத்து வீடு.

கேஸ் தோம்பு, அதான் சிலிண்டர், கொண்டுவரும் சீனன், "ரூமா பூங்ஙா செபெலா" என்று கத்திக்கொண்டே வருவான். பூ வீட்டுக்குப் பக்கத்து வீடு என்று அர்த்தம். பால்காரர் அப்படித்தான் சொல்வார். என் லாரி டிரைவர்களே அப்படித்தான் சொன்னார்கள், என் சம்பளத்தை வாங்கிக்கொண்டு. சிங்கத்தை ஒருத்தனும் பார்க்கவில்லை.

இன்னாசியிடம் ஒரு கிளை கேட்டேன். கேட்டபோது கூடச் சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டேன். அவன் உடனே கத்தியை எடுத்து, விரல் தடிமனில் முற்றிய குச்சியாகப் பார்த்து வெட்டி, எந்தப் பக்கம் மேலே என்று குழம்பாமல் இருக்க அடியைச் சாய்வாகச் சீவிக் கொடுத்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நட்டேன். ஒரே செடியின் கிளை, ஒரே மண், ஒரே வெயில். இனி என்ன, நம் கையில் ராசி இருக்கிறது, பணம் இருக்கிறது, முக்கியமாகத் தண்ணீர் இருக்கிறது.

காலையில் ஊற்றினேன், சாயந்திரம் ஊற்றினேன். கோழிச் சாணம் வாங்கிப் போட்டேன், தெரு முழுக்க நாறியது. மீன் கழுவிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், தோட்டத்து ஆள் மூலம் வந்த உரம், ஒன்று விடவில்லை. செடி வளர்ந்தது பாருங்கள். வேலியைத் தாண்டியது, ஜன்னலை மூடியது, கூரை ஓட்டைத் தொட்டது. என் விரல் நீளத்துக்கு முள். கரும்பச்சை இலை. ஒரு பூ இல்லை.

அந்தப் பக்கம் இன்னாசி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படிப்பான். டியூபை அவன் கையில் நான் பார்த்ததே இல்லை. பூ முடிந்தால் எழுந்து நுனிகளைக் கத்தரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வான். செடி மறுபடி பூக்கும். எனக்குத் தெரியாமல்தான் ஏதோ ஊற்றுகிறான் என்று நினைத்தேன். அவன் வேலைக்குப் போயிருக்கும்போது வேலிக்கு மேலே எட்டி மண்ணைப் பார்த்திருக்கிறேன். பிஸ்கட் மாதிரி வெடித்துக் கிடந்தது.

ஒரு நாள் அவனே சொன்னான். "அண்ணே, தண்ணியக் கொறைங்கண்ணே. கொஞ்சம் வாடட்டும். பசிச்சாத்தான் பூக்கும் அது."

நான் சிரித்துவிட்டு உள்ளே வந்து பாக்கியத்திடம் சொன்னேன். பாக்கியம் என் மனைவி. "பாத்தியா, என் செடியக் காய வைக்கப் பாக்கிறான்."

"அவரு எதுக்குங்க அப்படிச் செய்யணும்?"

"பின்ன? ரெண்டு வீட்டுலயும் பூத்தா அவன் வீட்ட யாரு பூ வீடுன்னு சொல்லுவா?"

அன்றைக்குச் சாயந்திரம் வழக்கத்தை விடக் கூடவே ஊற்றினேன். தண்ணீருக்கு வாளி வைத்துக் காத்திருந்தவனிடம் வந்து தண்ணீர் ஊற்றாதே என்று ஒருத்தன் சொன்னால் எப்படி நம்புவான் சொல்லுங்கள்? தோட்டத்துப் பிள்ளை நீயுமா இதைச் சொல்கிறாய் என்று எனக்குக் கோபமே வந்தது.

வயிற்றெரிச்சல் உச்சிக்கு ஏறியது என் மகளைப் பெண் பார்க்க வந்த நாளில். மாப்பிள்ளை வீட்டார் மூவாரிலிருந்து வந்தார்கள். நான் புது வேட்டி கட்டி, சிங்கங்களுக்குப் பெயின்ட் அடித்து, கேட்டைத் திறந்து வைத்து நிற்கிறேன். கார்கள் வந்தன. வந்து பூ வீட்டு வாசலில் நின்றன. இறங்கின பெண்கள் எல்லாரும் செடியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருத்தி குழந்தையைத் தூக்கிப் பூவுக்குப் பக்கத்தில் பிடிக்க, இன்னொருத்தி போட்டோ எடுத்தாள். ரோசம்மா வெளியே வந்து, வெயிலில் வந்திருக்கிறார்களே என்று ஆரஞ்சுத் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தது. சம்பந்தி வீட்டார் என் மகளைப் பார்க்க வந்து இன்னாசி வீட்டில் ஆரஞ்சுத் தண்ணீர் குடிக்கிறார்கள். நான் சிங்கத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது சிங்கமாக நிற்கிறேன்.

இன்னாசிதான் அவர்களை அழைத்து வந்து விட்டான். "இதாங்க பொண்ணு வீடு. அண்ணன் காத்துக்கிட்டிருக்காரு."

மாப்பிள்ளையின் தாயார் என்னிடம் பேசிய முதல் வார்த்தை என்ன என்று நினைக்கிறீர்கள்? வணக்கம் இல்லை. "அண்ணே, அந்தச் செடியில ஒரு கிளை கேட்டா குடுப்பாங்களா?"

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. மகள் நன்றாக இருக்கிறாள். சம்பந்தியம்மாள் வீட்டில் இன்னாசி கொடுத்த கிளை பூத்துக் குலுங்குகிறது. நான் அங்கே போகும்போதெல்லாம் அதைக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்பேன்.

அதற்குப் பிறகு நானும் பாக்கியமும் ஊருக்குப் போனோம், தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்க்க. மழை இல்லாத மாதம். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி என் தம்பியிடம் சாவியைக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்லியிருக்கலாம், அது சுலபம். ஆனால் அவன் என் செடிக்குப் பக்கத்தில் வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மீனாட்சி சந்நிதியில் நிற்கும்போதும் எனக்கு அந்தச் செடி ஞாபகம்தான். தம்பி ஊற்றினானோ இல்லையோ.

திரும்பி வந்தோம். டாக்சி எங்கள் தெருவில் திரும்பியதும் தூரத்திலேயே அந்த நிறம் தெரிந்தது. இன்னாசி செடி இந்தத் தடவை எக்கச்சக்கமாகப் பூத்திருக்கிறது என்று எனக்கு நெஞ்சு கரித்தது. டாக்சிக்காரரிடம் சொன்னேன். "அது பூ வீடு. அதைத் தாண்டி அடுத்த வீட்டுல நிறுத்துங்க."

அவர் நிறுத்தினார். இறங்கிப் பெட்டியை எடுத்து வைத்தால் அது என் வீடு இல்லை. என் வீட்டுக்கு அடுத்த சீன அம்மாவின் வீடு. அந்த அம்மா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தேன். இன்னாசி வீட்டில் பூ. என் வீட்டிலும் பூ. என் செடியில் இலை எல்லாம் கொட்டிப்போய், கூரை வரைக்கும் வெறும் பூ. சிங்கம் ரெண்டும் அதற்குள் மூழ்கிக் கிடந்தன. தம்பி ஒரு நாள்கூட வரவில்லை என்று பிறகு தெரிந்தது.

இன்னாசி வேலிக்கு வந்தான். "என்னண்ணே, சாமி கும்பிட்டாச்சா? உங்க செடிக்கு உங்ககிட்டேர்ந்து லீவு கெடச்சிச்சு. அதான் ஒரே சந்தோஷம் அதுக்கு."

ரோசம்மா உள்ளேயிருந்து சிரிப்பது கேட்டது. பாக்கியமும் சிரித்துவிட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குன்றின் மேல் பங்களா வாசல் சரளைக் கல். ஊற்றினாலும் தண்ணீர் நிற்காது, கீழே ஓடிவிடும். தொட்டித் தண்ணீர் தொரையும் தொரைசானியும் குளிப்பதற்கு. அந்தக் கொடி எங்கள் லயத்தை விடக் காய்ந்த இடத்தில் நின்றுகொண்டுதான் அப்படிப் பூத்தது. நான் பட்டினி கிடந்த செடியைப் பார்த்துப் பணக்காரச் செடி என்று நினைத்திருக்கிறேன்.

சரி, பூத்துவிட்டதே, பெயர் மாறும் என்று பார்த்தேன். மாறியது. எப்படி? இன்னாசி செடி வேலி தாண்டிப் படர்ந்துவிட்டது என்று ஊர் நினைத்துக்கொண்டது. "பூ வீடு இப்ப ரொம்பப் பெருசாயிடுச்சு" என்றார் பால்காரர். என் வீட்டுப் பூவும் சேர்ந்து அவன் கணக்கில் ஏறியது.

விடுவேனா? என் செடியை அவன் வேலிப் பக்கம் படராமல் ஒதுக்கி வெட்டிவிட்டு, வேறு நிறமாக இருக்கட்டும் என்று முன்னால் வெள்ளை வைத்தேன், ஆரஞ்சு வைத்தேன். தொட்டியில் மணல் பாதி, உடைத்த செங்கல் கொஞ்சம், மீதி மண். தொட்டி சின்னதாகத்தான் இருக்க வேண்டும், வேர் இறுகினால்தான் பூ எடுக்கும். இலை துவளும் வரைக்கும் பொறுத்து, பிறகு ஒரே தடவையாக ஊற்றி வடிய விட வேண்டும். பிறகு மறந்துவிட வேண்டும். மறப்பதுதான் கஷ்டம், எனக்குக் கை துறுதுறு என்று இருக்கும், டியூபைச் சுருட்டி ஸ்டோரில் பூட்டினேன். பிறகு அரளி வைத்தேன், இட்லிப்பூ வைத்தேன், அடி பருத்து வயிறு தள்ளின பாலைவன ரோஜா வைத்தேன். உண்ணிச்செடி கூட வைத்தேன், அதன் மலாய்ப் பெயரில் கோழிப் பீ இருக்கிறது, பூ என்னவோ அழகுதான். இந்தத் தாமானில் இன்றைக்கு வறட்சியில் பூக்கும் செடி என்றால் ஆட்கள் என்னிடம்தான் வர வேண்டும். வருகிறார்கள். இருந்தும் கேஸ் தோம்புக்காரன் மட்டும் மாறவில்லை. பூங்ஙா செபெலா.

இன்னாசிக்கு இதெல்லாம் ஒரு போட்டி என்று கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது என்று நினைக்கிறேன். என் வெள்ளைப் பூவைப் பார்த்து, "சூப்பரா இருக்குண்ணே" என்பான். முகத்தை உற்றுப் பார்ப்பேன், கொஞ்சமாவது எரிகிறதா என்று. ஒன்றும் இருக்காது. அதற்காகவே எனக்கு இன்னும் எரியும்.

இன்னாசிக்கு முழங்கால் போன பிறகு அவன் மகன் வந்து அவனையும் ரோசம்மாவையும் ஜொகூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டைச் சின்ன வயதுத் தம்பதி ஒன்று வாங்கியது, ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், ரெண்டு கார். கார் நிறுத்த இடம் வேண்டும். ஒரு காலையில் சின்ன மண்வாரி இயந்திரம் வந்து செடியை வேரோடு தூக்கிப் போட்டது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். எத்தனை வருடம் அது இல்லாமல் போக வேண்டும் என்று நினைத்தவன் நான். அடிமரத்தைப் பார்த்தேன். என் தொடைப் பருமன் இருந்தது. என் செடியின் அடி என் கைப் பருமன்கூட வராது. ரோட்டோரம் சாய்ந்து கிடக்கும்போது கூட அது என்னை ஜெயித்துவிட்டுத்தான் கிடந்தது.

சிமெண்டு போட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து, புதிதாகக் குடிவந்த அந்தப் பெண் வாசலில் நின்று போனில் தன் அம்மாவிடம் பேசுவது காதில் விழுந்தது. "நேரா வாங்கம்மா. பூ வீடு ஒண்ணு வரும். அதுக்கு முந்தின வீடு."

பாக்கியத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "கெடச்சிடுச்சா, இனியாவது நிம்மதியாத் தூங்குங்க" என்றாள். தூங்கினேன். அன்றைக்கு நன்றாகவே தூங்கினேன். மறுநாள் இன்னாசிக்குப் போன் போட்டுச் சொல்லலாம் என்று எடுத்தேன், அவனுக்கு இது ஒரு செய்தியாகவே படாது என்று தோன்றியது. எப்படி இருக்கே, கால் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அந்தப் பெண்ணின் அம்மாதான் அப்படிக் கேட்டு வந்த கடைசி ஆள் என்று நினைக்கிறேன். இப்போது தெருமுனையில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, யார் வீடு எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. முன்பெல்லாம் அந்த முனைக் கடையில் ஒரு தேநீர் குடிக்கிற நேரத்துக்குள் நாலு பேர் கேட்பார்கள், நாலு பேரும் பூ வீடு என்பார்கள். நினைத்துப் பார்த்தால் இன்னாசி கொடுத்து வைத்தவன். அந்தப் பெயர் செல்லுபடியாகிற காலம் முழுக்க அவன் வைத்திருந்தான். செல்லாக் காசாகிற சமயத்தில் என் கையில் கொடுத்துவிட்டு ஜொகூருக்குப் போய்விட்டான். அவன் மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான், இல்லை என்று சொன்னால் பொய்.

போன வாரம், அதே தண்ணீர் இல்லாத வாரத்தில், பேத்திக்கு ஏதோ பார்சல் கொண்டுவந்தான் ஒரு தமிழ்ப் பையன். மோட்டார் சைக்கிள் யாரிடமும் கேட்காமல் என் கேட்டில் வந்து நின்றது. கண் முழுக்கப் போனில் ஓடும் வழிப்படத்தில். செடிக்கு அடியில் நடந்து வந்தான், தோளில் ரெண்டு பூ விழுந்தது. நிமிராமலே தட்டிவிட்டான்.

"அங்கிள், நம்பர் பதினெட்டுதானே?"

"ஆமாப்பா," என்றேன். "பதினெட்டுதான்."